வான் கதவு

முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் நின்ற காலத்தில்
நிறைந்து வழிவதை
வான் பாய்கிறது என்பார்களாம்.
இப்போது குளத்துக்குள் தூசிதான் அலையடிக்கிறது.
ஆனாலும் நாளுக்கு முப்பது தரம்
வான் பாய்கிறது:
அடியில் நெருப்போடு,
களவெடுத்த நிக்கலோடு,
பேர் மாற்றிய ஆட்களோடு.

எனக்கு வான் கதவில் வேலை.
பழைய இரும்புச் சக்கரம். சுற்றினால் கதவு உயரும்,
பாரவண்டிகள் கப்பலடிக்குப் போகும்.
என்னிடம் மூன்று பற்றுச்சீட்டுப் புத்தகம்.
துருசு நேசராசாவின் ஆட்கள் கட்டில் நிற்கும் நாளுக்குப் பச்சை.
பனிக்கன்குளத்துச் சகோதரிகள் துவக்கோடு வந்தால் மஞ்சள்.
மூன்றாவதற்கு அட்டை இல்லை;
யார் ஆள்கிறார் என்று தெரியாத காலைகளில்
அதைத்தான் கிழிப்பேன்.
அரசாங்கம் ஒன்று எங்கோ உண்டு.
போன வருடம் ஒரு கடிதம் போட்டது.
கடிதத்தையும் தபால்காரனின் சைக்கிளையும்
வேறுவேறு ஆட்கள் விற்றார்கள்.

ஒட்டுசுட்டான் றோட்டால் இறங்கி வாருங்கள்.
தண்ணீர் மூடியால் அளந்து, காற்று போத்தலால்,
பொய் இலவசம்.
பொலிஸ் நிலையத்தில் ஆடு கட்டியிருக்கிறது;
ஆட்டுக்கும் பங்கு போகுது என்கிறான் வதனன்.
செவ்வாயிலேயே பிறந்தவனுக்குச் செவ்வாய்க்குற்றம் பார்ப்பதா என்று
சாத்திரி வினாசித்தம்பி மூன்று மாதம் குழம்பி
கடைசியில் கூடக் காசு வாங்கினார்.

பாலை என்றால் முந்தி இங்கே மரம்.
பழம் தின்றால் உதடு ஒட்டுமாம்.
இப்போது பாலை என்றால் வெறும் பாலை:
வழிமறித்துப் பறிப்பவர், பறிகொடுத்தவர்,
பிரிந்து போனவரைத் தேடி வந்து
தானும் கள்ளனாகியவர்.
பழம் இல்லை.
உதடு மட்டும் சில கதைகளுக்கு
இன்னும் ஒட்டுகிறது.

மாசியில், ஏழாம் தளத்துக்குக் குழி வெட்டினார்கள். இரவு வேலை.
வதனன் இயந்திரக் கையை இறக்கினான், ஏற்றினான், இறக்கினான்,
பிறகு எஞ்சினை நிறுத்தினான்.
வாளியின் பல்லில் உரப்பையின் நைலோன் கிழிசல்.
அதற்குக் கீழே ஒரு செருப்பு, இடதுகால்.
அதற்குக் கீழே
அவன் பார்க்கவில்லை.
விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஒருவரும் கட்டளை போடவில்லை.
மூன்றாம் தளத்தில் எண்ணிக்கை ஒன்பதில் நின்றது.
ஒவ்வொன்றாய் எல்லா எஞ்சினும் அணைய
எங்கேயோ ஆட்காட்டி கத்தியது.
இந்த ஊரில் இன்னும் குருவி உண்டென்று
அப்போதுதான் தெரியும்.

நேசராசா கட்டிலிருந்து இறங்கி வந்தான்,
ஆறு பேரைச் சுட்டவன், பல்லில் பிளாட்டினம் கட்டியவன்.
பையிலிருந்து, மடித்து மடித்து
மடிப்பிலே கிழிந்த தாள் ஒன்றை எடுத்தான்.
நாலு தலைமுறைக்கு முந்தின கையெழுத்து:
ஒரு பேர், ஒரு வயது, கடைசியாய்க் கண்ட இடம்.
சகோதரிகளில் மூத்தவள்
துவக்கை மண்ணில் வைத்துவிட்டுத் தன் தாளை எடுத்தாள்.
பார்த்தால் எல்லாரிடமும் இருந்தது,
சப்பாத்துக்குள், தொப்பி மடிப்பில்,
கள்ளப் பாஸ்போட்டின் அட்டைக்குள்.
என்னுடையது மூன்றாம் புத்தகத்தின்
கடைசித் தாளுக்குப் பின்னால்.

மூன்று நாள் ஒன்றும் பறக்கவில்லை.
நாலாம் நாள் விடிய
இயந்திரத்தின் பற்றரியைக் காணோம்.
ஊர் திரும்பிவிட்டது.

குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது.
நல்ல கயிறு. இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்காரன் ஒருவன் கதவடிக்கு வந்தான்.
மூன்று நாள் நட்டம், குளிர்ப்பெட்டியில் விதை எல்லாம் செத்துப்போச்சு,
ஏன் நிறுத்தினீர்கள் என்றான்.
சொல்ல வாயெடுத்தேன். ஒட்டியது.
லாச்சியைத் திறந்து அவன் கட்டின காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
இந்தக் கதவில் காசு திரும்பிப் போனது
அதுதான் முதல் தடவை.
எண்ணினான்.
ஒன்று கள்ளநோட்டு.
வெளிச்சத்தில் பிடித்தான், கண்டான்,
கயிற்றுப் பக்கம் ஒருக்காப் பார்த்தான்,
மடித்து வைத்துக்கொண்டான்.