கேட் மூடியிருக்கும் நேரம்

ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணிதான் முதலில்.
அமலோற்பவம் கடையில் மூட்டையாகக் கிடந்தது.
அரக்கு ரோஜாவானது. மாம்பழ மஞ்சள் செவ்வந்தியானது.
யாரோ ஒருத்தி தைக்கக் கொடுத்துவிட்டு
வாங்கவே வராத ராமர் பச்சையை
இலைக்கு வைத்துக்கொண்டோம்.

தண்டுக்குக் கட்டுக்கம்பி.
சென்ட்ரிங் வேலைக்குப் போகும் சபுராவின் வீட்டுக்காரர்
கிலோ கணக்கில் கொண்டுவந்தார்.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.

மகரந்தத்துக்கு ரேஷன் அரிசி நொய்,
மஞ்சளில் புரட்டிப் பசையில் ஒட்டியது.
முதல் வாரமே எலி வந்து
நாற்பது பூவின் நடுவை மட்டும் தின்றுவிட்டுப் போனது.
அதன்பிறகு பசையில் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய்.
எங்கள் பூக்களின் வாசனை அதுதான்.

எனக்கு இதழ் மடிக்க வராது.
நான் மடித்தால் முட்டைக்கோசு.
அதனால் கணக்கு நோட்டு என்னிடம்.

டயாலிசிஸ் இலவசம்.
போய்ச் சேருவதுதான் காசு.
தஞ்சாவூருக்குப் போக வர பஸ், வாசல்வரை ஆட்டோ, நாலு இட்லி:
ஆளுக்கு இருநூற்று நாற்பது.
வாரத்துக்கு இரண்டு நடை. ஒன்பது பேர்.
பூ ஒன்று இருபது என்றால்
வாரத்துக்கு இருநூற்றுப் பதினாறு பூ.
பசைக்காசு தனி.

கோயில் வாசலில் விற்கப் போய்
நிஜப் பூக்காரிகள் பார்த்த பார்வையில் திரும்பிவந்தோம்.
அவர்கள் பூ சாயங்காலம் வாடிவிடும்,
எங்களது வாடாது.
அது நியாயமான போட்டி இல்லை.

அப்புறம்தான் நீடாமங்கலத்துக்கென்றே வாய்த்த
ரயில்வே கேட் ஞாபகம் வந்தது.

வேளாங்கண்ணி வேன், நாகூர் கார்,
சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு டூரிஸ்ட் பஸ்,
எல்லாம் வந்து நின்றுதான் ஆகவேண்டும்.
நெல் ஏற்றிய கூட்ஸ் வந்தால் நல்ல நாள்.
மன்னார்குடி வண்டிக்கு எஞ்சின் மாற்றினால்
அதைவிட நல்ல நாள்.
ரயில் சட்டென்று போய்விட்டால்
சபுரா உதட்டைப் பிதுக்குவாள்.
ஊரே திட்டும் கேட்டுக்கு
நாங்கள் ஐந்து பேர் மட்டும் வேண்டப்பட்டவர்கள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை.
வெண்ணாறு படித்துறையை முழுங்கிக்கொண்டு போகிறது.
தஞ்சாவூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில்
ஜன்னலோரம் கலியமூர்த்தி.
நோட்டில் ஆறாம் நம்பர்.

கூடையை ஏனோ முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.
விடியுமுன் கிளம்பிப் போனவர்.
முக்கால் மணி நேரமாக இந்தக் கேட்டில்.
நாங்கள் வேண்டிக்கொண்ட கூட்ஸ்தான்.

மூணாறு தலைப்பில் ஷட்டர் தூக்கிய லஸ்கர் அவர்.
முப்பது வருடம், தற்காலிகமாகவே.
எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று
கை தானாகத் திருகும்.
இப்போது அவருக்கு நாளைக்கு அரை லிட்டர்.
குழம்பு, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து.

“என்னம்மா ஒளிக்கிறீங்க, ஒண்ணு குடுங்க” என்றார்.
சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
“அதெல்லாம் கூடாது.”
செவ்வந்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முகர்ந்து மூக்கைச் சுளித்தார்.

“இதுக்குத் தண்ணி வேணாம்ல?”

வேண்டாம் என்றேன்.
தலையை ஆட்டிக்கொண்டார்,
ஒரு வாய்க்காலுக்கு முறை முடிந்தது என்று கேட்டதுபோல.

நீட்டிய இருபது ரூபாய்த் தாளின் மூலையில்
பச்சைப் பேனாவில் ஒரு மூன்று.
காலையில் நான் எண்ணிக் கொடுத்த தாள்தான்.
இட்லி சாப்பிடவில்லை போலிருக்கிறது.

கேட் தூக்கியது.
பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அமுக்கியே பிடிக்க
பஸ் குலுங்கி நகர்ந்தது.
ஜன்னல் கம்பியில் அந்த மஞ்சளைச் செருகிக்கொண்டிருந்தார்.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
கொடுத்த காசு திரும்பி வந்தால்
செலவில் கழிப்பதா, வரவில் எழுதுவதா?
அமலோற்பவம் வரவு என்றாள்.
சபுரா ஒன்றும் சொல்லவில்லை,
ராமர் பச்சையில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கணக்கு
இன்றுவரை இருபது ரூபாய் உதைக்கிறது.