நூற்றுக்கு முப்பது

ரெசின் நூறு கிராம் என்றால்
ஹார்ட்னர் முப்பது.
இருபத்தாறில் நிறுத்தினால் இறுகவே இறுகாது,
விரல் வைத்தால் கூடவே வரும்
பலாப்பால் மாதிரி.

அதற்காகவே ஹட்டனில்
நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன்.
எங்கள் காம்பராவுக்குள் வந்த முதல் தராசு.
மடுவத்தில் பதினெட்டைப் பதினாறு என்று எழுதுவார்கள்,
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
இதில் ஒரு சொட்டு விழுந்தாலும்
எண் மாறுகிறது.
முதல் ராத்திரி அதில்
என் மூக்குத்தி, ஓர் உப்புக்கல்,
தர்ஷிகனின் விழுந்த பல்
எல்லாம் நிறுத்துப் பார்த்தோம்.
எதற்கும் கழிவு இல்லை.

துணி வந்தது பொகவந்தலாவைத் தபாற்கந்தோருக்கு,
அட்டைக் குழலில் சுருண்டு.
"இந்தக் கறுப்புத் துணிக்கா பதினோராயிரம்?"
மோகனதாஸ் கையில் தூக்கிப் பார்த்தார்.
தூக்க ஒன்றும் இல்லை.

கட்டுநாயக்கவில் ஆறு வருஷம்
வெட்டு மேசையில் நின்றவள் நான்.
டெனிம், சாட்டின், நீச்சலுடைத் துணி
எதுவும் என்னிடம் நழுவியதில்லை.
இது நழுவியது.
வெட்டிய ஓரத்தில் இழை இழையாகப் பிரிந்து
பாய்முடைகிறவளின் மடி மாதிரி ஆனது.
முதலில் டேப், பிறகு கத்தரி என்று
நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்டோவின் டாஷ்போர்ட்தான் முதல் பலி.
எமரித்தாளால் தேய்த்து,
கறுப்பு பூசி, அது ஒட்டுகிற பதத்துக்கு வரும்வரை
சோறு வடித்தேன்.
விரித்தேன். மூலையில் சாய்வாக இழுத்ததும்
துணி வளைவுக்குள் படுத்துக்கொண்டது,
சட்டைக் கழுத்து உட்காருவதுபோல.
மேலே ரெசின்.
காலையில் பார்த்தால்
முழுவதும் பால் கலந்த மாதிரி வெள்ளை.

இஸ்தோப்புக்கு வந்த செபஸ்தியம்மா கேட்டாள்:
"ஸ்டிக்கர்தானே புள்ள?
டவுனில முந்நூறு ரூவாய்க்கு ஒட்டுறானே?"

குற்றவாளி மூடுபனி.
நாலரைக்குக் கூரைத்தகரத்தின் இடுக்கால் இறங்கி
அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு
ஈரமாக இருந்ததன் மேலெல்லாம் உட்கார்ந்து போயிருக்கிறது.

இரண்டாம் முறை
பெரிய மரப்பெட்டி, உள்ளே நூறு வாட் குண்டுபல்பு,
மேலே பொலித்தீன், அதற்கு மேலே என் பழைய கம்பளி.
கோழிக்குஞ்சு பொரிக்கிறாயா என்று கேட்டார்கள்.
பொரித்தது.
நெசவு அப்படியே கண்ணாடிக்கு அடியில்,
சாய்ந்து சாய்ந்து,
திருப்பினால் கறுப்பு சாம்பலாகும், சாம்பல் கறுப்பாகும்,
மழை தாண்டிய கட்டாந்தார் ரோட்டைப்போல.

பிறகு கை நிற்கவில்லை.
கண்ணாடி முதுகு, ரேடியோப் பெட்டி, சீப்பு.
கரண்ட் சுவிட்ச் மூடியையும் கழற்றிவிட்டேன்,
அப்புறம் ஞாபகம் வந்தது:
இது கரி. கரண்டைக் கடத்தும்.
பல்லைக் கடித்துக்கொண்டு
வெறும் மூடியையே திரும்பப் பூட்டினேன்.

நோர்வூட்டிலிருந்து மதுஷங்க
பல்சரின் டாங்க் மூடியைக் கொண்டுவந்தான்.
நாலு நாள். ஆறு பூச்சு.
தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க
வாளியில் கறுப்புச் சாயம்,
முழங்கை வரை அரிப்பு.
கொழுந்து பறிக்கப் போகாத நாலு நாளுக்கும்
பேர் அடித்தால் வருவதைவிட அதிகம் கொடுத்துவிட்டு
வெயிலில் பிடித்துப் பார்த்து
"மரு, அக்கே!" என்றான்.

நான் சொல்லவில்லை:
வலது விளிம்பில், மூடி பூட்டும் இடத்துக்கு அருகே
ஒரு குமிழ் இருக்கிறது.
கடுகளவு.
பல்பு ராத்திரி ஒரு தடவை அணைந்தது,
கரண்ட் கட், இருபது நிமிஷம்.

போன மாதம் அந்த பைக்கை
வெள்ளவத்தையில் யாருக்கோ விற்றுவிட்டானாம்.
கடல் உப்புக் காற்றில், சிக்னல் வெயிலில்
அது நின்றுகொண்டிருக்கும்.
யாரோ ஒருவன் பெட்ரோல் ஊற்றத் திறக்கும்போதெல்லாம்
அவன் கட்டைவிரலுக்குக் கீழே
பொகவந்தலாவையின் ஒரு விடியற்காலை,
இறுகிப்போய்.
அதை மட்டும் நான் நிறுக்கவில்லை.