பாலையடி இறக்கம்

கிளிநொச்சியில் ஏறினது.
இருக்க இடமில்லை.
உரப்பை ஒன்றுக்கும் கோழிக்கூடு ஒன்றுக்கும் நடுவில் நிற்கிறேன்.
"அக்கா, எங்கை?"
"பாலையடி" என்று பணப்பையைத் திறந்தால்
நூறு ரூபாய்த் தாளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது
பரிஸ் நகரத்து பஸ் டிக்கெற்.
விரல் நீளம், வெள்ளை மட்டை.
கஜீபன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது எந்த டிப்போ?" என்கிறான்.
சீற்றில் இருப்பவள் சிரிக்கிறாள்.

அறுபத்தொன்பதாம் இலக்கம், தம்பி.
போன ஆனி மாதம்.
தங்கச்சி மகளின் கலியாணத்துக்குப் பதினைந்து நாள் விசா.
அங்கே எல்லாருக்கும் வேலை.
மச்சான் ஞானச்செல்வம் இரவிரவாகக் கோப்பை கழுவி
விடிய வந்து, படுக்கப் போகுமுன்
கலியாண அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்:
எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது,
எந்தப் பக்கத்து யன்னல்.
"துலைஞ்சால் அதே நம்பரைத் திரும்பப் பிடியுங்கோ."
இருபது வருசமாக இருக்கிறார்.
கோபுரத்துக்கு மேலே ஏறினீங்களோ என்று கேட்டேன்.
"ஏறினவையைக் கண்டிருக்கிறன்."

அவையள் சொல்லுகிற பெயர் என் நாக்கில் நிற்கவில்லை.
என் பாட்டில் பெயர் வைத்துக்கொண்டு போனேன்.
பெரிய சவக்காலை தாண்டினது சவக்காலையடி.
ஆறு வந்தது, பாலத்தடி.
அரசன் இருந்த மாளிகையின் வளைவுக்குள்ளாலேயே
பஸ் நுழைந்து வெளியே வந்தது,
பக்கக் கண்ணாடி உரசாமல்.
அந்தச் சாரதியை ஒரு மாரிக்கு
எங்கள் உள்றோட்டில் விட்டுப் பார்க்கவேணும்.

அதற்கு முதல் ஒரு சந்தி.
நடுவில் தூண், உச்சியில் பொன்னிறத்தில் சிறகோடு ஒருவன்.
மச்சானின் எழுத்தில் "சிறைச்சாலை" என்று இருந்தது.
தேடினேன். தூணைச் சுற்றிக் கார்கள்தான்.
பக்கத்தில் இருந்த ஆபிரிக்கப் பெண்ணிடம்
இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து விலங்குபோலக் காட்டினேன்.
அவ சிரித்தா.
சுவர் ஒன்றைத் தள்ளி விழுத்துவதுபோலக் காட்டினா.
எப்ப?
கையைத் தோளுக்குப் பின்னால் வீசினா,
திரும்பவும் வீசினா, இன்னொருதரம்.
இல்லாத சிறைக்கு பஸ் நின்றது.
இறங்குகிறவை இறங்கிச்சினம்.
அந்த ஊரில் எனக்கு உடனே விளங்கின தரிப்பு அதுதான்.

கடைசியில் கோபுரம்.
இரும்பு. நல்ல உயரம். குறை சொல்ல ஒன்றுமில்லை.
எல்லாரும் போனைத் தூக்க நானும் தூக்கினேன்.
திரைக்குள், கோபுரத்தின் காலடியில்,
சின்னச் சின்னக் கோபுரங்களைத் துணியில் பரப்பி
ஒரு பெடியன் விற்றுக்கொண்டிருந்தான்.
பொலிசைக் கண்டான்.
துணியின் நாலு மூலையையும் ஒரே இழுவையில் கூட்டி
முதுகில் போட்டுக்கொண்டு ஓடினான்.

அந்த இழுவை எனக்குத் தெரியும்.

படம் எடுக்கவில்லை.
தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து
விழுந்து கிடந்த தண்ணித்தாங்கியைப் பார்த்த வருசம்
றோட்டுக்கு இங்காலை
கூரைத்தகரத்துக்கு வரிசையில் நின்றவள் நான்.
யன்னலால் ஒரு சின்னப் பெட்டை கை காட்டினாள்.
நானும் காட்டினேன்.
அவளுக்குப் பின்னால் ஆரோ கமராவைத் தூக்கினார்கள்.
எந்த வீட்டு அல்பத்திலோ
தாங்கிக்கு ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு,
கையைத் தூக்கினபடி இருப்பேன்.

தருமபுரம் கழிந்துவிட்டது.
கஜீபன் வெள்ளை மட்டையைத் திருப்பித் தருகிறான்.
"இதுக்கு எத்தினை தரம் ஏறலாம்?"
ஒருதரம்தான்.
"அப்ப எங்கடையைப் போலத்தான்."
மிச்சக்காசு இல்லையாம். நாளைக்காம்.

மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்துகிறான்:
"பாலையடி இறக்கம் இருக்கோ?"
இருபது வயது இருக்கும்.
பாலையை அவன் கண்டிருக்கமாட்டான்.
செல் விழுந்து எரிந்தது என்கிறார்கள்,
பங்கருக்குத் தறித்தது என்கிறார்கள்,
ஊருக்குள் இரண்டு கதை.

இருக்கு, இருக்கு என்று
கோழிக்கூட்டைத் தாண்டி இறங்குகிறேன்.
பஸ் சரியாக
நிழல் கிடந்த இடத்தில் நிற்கிறது.
குடையை விரிக்கிறேன்.