ஒன்று புள்ளி நான்கு

முதலில் மூடியைக் கழற்று.
உள்ளே பழைய உப்புக் கரைசல் இருக்கும், கொட்டிவிடு.
பொன்முனை கறுத்திருந்தால்
அதற்கென்று வந்த மெல்லிய தாளால்
மூன்று தேய்ப்பு.
நாலாவது தேய்ப்பு கோபம். அது வேண்டாம்.

புதுச் சவ்வு. விரல் படக் கூடாது.
கரைசலை விளிம்புவரை ஊற்றி
நகத்தால் சுண்டு. குமிழி மேலே வரும்.
இன்னொன்று ஒளிந்திருக்கும்.
மறுபடி சுண்டு.

டொங்காட் ஆற்றுக்கு இறங்கும் கரும்புச் சாலையில்
பக்கியின் பின்தட்டில் உட்கார்ந்து
இதை நூறு தடவைக்கு மேல் செய்தாயிற்று.
டார்ச் பிடிப்பவள் நொம்வூயோ.
"பிள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு" என்பாள்.
ஊட்டவே வேண்டாம், இது தானாகத் தின்னும்.

புது மாடல்கள் ஒளியை வைத்து அளக்கின்றனவாம்.
என்னுடையது பழசு.
அளப்பதற்காகவே
தன் மூக்குக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.
நீரில் விட்டுச் சும்மா நின்றால்
தான் தின்று தீர்த்த இடத்தைக் காட்டி
இதுதான் ஆறு என்று சொல்லும்.
ஆகவே ஆட்டிக்கொண்டே இரு,
தொட்டிலை விட வேகமாக
மோர் கடைவதை விட மெதுவாக.

அதற்கும் முன்னால்
ஈரப் பஞ்சு வைத்த குப்பிக்குள் கால் மணி நேரம்.
இந்தக் காற்று நூறு என்று
அது ஒப்புக்கொண்ட பிறகே
தண்ணீருக்குப் போகலாம்.

ஆகஸ்டில் ஒரு விடியல்.
ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
கழிவுநீர் பம்ப் நின்று, தொட்டி வழிந்து,
வழிந்தது முழுக்க ஆற்றில்.
முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தது.
மடவை மீன்கள் கூட்டமாக
வாயை வெளியே நீட்டி
வானத்தைக் குடித்துக்கொண்டிருந்தன.

ஒன்று புள்ளி நான்கு.
நொம்வூயோ இரண்டு தடவை படமெடுத்தாள்.

கம்பியை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பினேன்.
சவ்வில் ஒரு சுருக்கம்.
உள்ளே கடுகளவு குமிழி.
நோட்டில் எழுதினேன்: 5.10. சுருக்கம். குமிழி உண்டு.
"எழுதாதே" என்றாள்.
எழுதியாயிற்று.
சவ்வு மாற்றி, காற்றில் காத்திருந்து, மறுபடி இறக்குவதற்குள்
மணல் திட்டுக்கு மேலே அலை புரண்டு வந்து
மூன்று புள்ளி ஒன்பது என்றது திரை.
மீன்கள் அதற்குள் வெள்ளை வயிற்றைக் காட்டின.

விசாரணை நகராட்சி மாடியில்.
வழக்கறிஞர் ஃபூரி தண்ணீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு,
"மிஸ் ஆர்முகம், அன்று உங்கள் கருவி சரியாக இருந்ததா?"

(எங்கள் பெயரில் ஓர் உயிரெழுத்து
கப்பல் பதிவேட்டிலேயே உதிர்ந்துபோனது.
பதிவேட்டுப் பிழை எங்கள் குடும்பத்தில் பழசு.
அதனால்தானோ என்னவோ
என் நோட்டில் நான் அடித்தல் திருத்தல் வைப்பதில்லை.)

"இல்லை" என்றேன்.
நொம்வூயோவின் முழங்கால் என்னுடையதை இடித்தது.
"அப்படியானால் அந்த எண்..."
"கணக்கில் சேர்க்க வேண்டாம்."
"மற்ற எண்கள்?"
"நோட்டு உங்கள் முன்னால் இருக்கிறது."

இருநூற்றுப் பதினொரு விடியல்கள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
சவ்வு மாற்றிய தேதி, காற்றழுத்தம், உப்பு,
யார் டார்ச் பிடித்தது.
அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொன்று.
புரட்டிக்கொண்டே இருந்தார்.
மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.
வியாழனுக்கு ஒத்திவைத்தார்கள்.

படியிறங்கும்போது நொம்வூயோ பேசவில்லை.
பக்கியில் ஏறியதும்
பெட்டியைத் திறந்து பஞ்சைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது. நாலு சொட்டு விட்டேன்.

குமிழி இருந்தால் பெரும்பாலும்
எண் கூடுதலாகத்தான் காட்டும்.
அன்றைய ஆறு ஒன்று புள்ளி நான்குக்கும்
கீழே இருந்திருக்கலாம்.
அதை யாரும் கேட்கவில்லை.