எஃப்.சி.

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
லாரிப் பட்டறைக்கு மேலே என் அறை.
கீழே டிங்கர் சத்தம் ஓயும்வரை
எனக்கு ஒரு வரியும் ஓடாது.
பெயிண்டர் அமீர்ஜான் ஒருநாள் கேட்டார்:
ராத்திரியெல்லாம் லைட் எரியுதே, அப்படி என்ன வேலை?
எஃப்.சி. வேலை என்றேன்.
எந்த வண்டிக்கு?

வண்டி இல்லை பாய், ஷெல்.
முன்னே அடித்த கட்டளையைத் தேடி எடுத்து
எடிட்டரில் திறந்து
பிசகிய எழுத்தைத் திருத்தி
மறுபடி ஓட்டுவதற்கு ஒரு கட்டளை.
அதற்கும் இதே இரண்டெழுத்துதான் பெயர்.
பிரஷ்ஷைத் தின்னரில் முக்கியபடி சொன்னார்:
அப்ப அதேதான். பழைய வண்டி, பட்டி பாத்து,
பூச்சு பூசி, திரும்ப ரோட்டுக்கு.

முதல் வாரம் அது தன்னையே ஓட்டியது.
கடைசிக் கட்டளை எது என்றால்
நான்தான் என்றது.
ஹிஸ்டரியில் தன் பெயரைத் தானே எழுதி
எழுதியதைத் தானே திறந்து
திறந்ததை மறுபடி எழுதி
லேப்டாப் சூடேறி முனக
பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன், பத்து எண்ணும்வரை.
பிறகு புரிந்தது.
பிசகிய வரி தன் இடத்திலேயே இருக்கும்.
திருத்திய வரி கீழே புதிதாய் வந்து சேரும்.
திருத்திய கைக்குத்தான் பட்டியலில் இடமில்லை,
எண்ணத் தொடங்குமுன் அதை உருவிவிட வேண்டும்.
ஒரேயொரு கழித்தல். அதற்கு நாலு இரவு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை
நாகலூர் எஸ்டேட்டின் மழைக்கணக்கு என்னிடம் இருந்தது.
தினமும் காலை எட்டரைக்கு
பிலோமினா மழைமானியில் பார்த்து அனுப்பியது,
ஜூன் முழுதும், மில்லிமீட்டரில்.
மழை என்ற ஃபோல்டரில் கிடந்த பழசை அழித்துவிட்டு
புதுசை அதிலேயே போட்டேன்.
இன்னொரு ஃபோல்டரையும் காலி செய்யலாமென்று
அந்த அழிக்கும் வரியைத் திரும்ப அழைத்தேன்.
எடிட்டர் திறந்தது. கர்சர் மினுங்கியது.
வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்.
எதையும் தொடாமல், சேமிக்காமல், மூடினேன்.

வேண்டாம் என்று சொல்ல
எனக்குத் தெரிந்த வழி அது.
ஷெல்லுக்கு நான் சொல்லித்தந்தது வேறு:
எடிட்டர் மூடினால், ஃபைலில் இருப்பதை ஓட்டு.
ஓட்டியது.

போனில் பிலோமினா திட்டவில்லை.
நோட்டு இருக்கு, நான் படிக்கிறேன், நீங்க அடிங்க.
சிக்னலுக்காகக் காப்பிக் களத்துக்கு ஏறி நின்றிருந்தாள்,
காற்று அவளைவிடச் சத்தமாய்ப் பேசியது.
ஒண்ணாந்தேதி சைபர்.
ரெண்டு, பன்னிரண்டு புள்ளி நாலு.
மூணு, ஈரம் மட்டும், அளக்க வராது.
நான் அடித்துக்கொண்டே போனேன்,
மழை இல்லாத மழை,
கீபோர்டில் விழும் ஓசை மட்டும்.

பதினேழு என்றாள். நின்றாள்.
போன தடவை என்ன குடுத்தேன்?
எட்டு என்று ஞாபகம்.
அதக் காலியா விட்ருங்க.
அன்னைக்கு நான் மலையிலயே இல்ல.
மாமியாரை ஜி.எச்.ல சேர்க்கக் கீழ வந்துட்டேன்.
மறுநாள் மண்ணைப் பாத்து எட்டுன்னு எழுதினது.
சைபர் போடட்டுமா?
சைபர் இல்லைங்க. காலி.
பதினெட்டு, முப்பத்தொண்ணு.

அன்றிரவு இரண்டு வரி சேர்த்தேன்.
எடிட்டர் முகம் சுளித்து வெளியேறினால்
எதையும் ஓட்டாதே.
ஃபைல் காலியாக இருந்தால்
எதையும் ஓட்டாதே, எதையும் சொல்லாதே.
சோதித்தேன். எல்லா எழுத்தையும் அழித்துச் சேமித்து மூடினேன்.
அடுத்த வரி வந்து காத்திருந்தது,
அவ்வளவுதான்.
சேமிக்காமல் மூடினால்? இன்னும் ஓட்டத்தான் செய்கிறது.
அப்படித்தான் இருக்க வேண்டுமாம், விதி.
விதியைப் பலமுறை படித்தேன்.

விடிகாலை கீழே இறங்கினால்
சங்ககிரி வண்டி ஒன்று பளபளவென்று நிற்கிறது.
கதவில் பர்மிட் நம்பர், டேர் வெயிட்,
எல்லாம் மஞ்சளில் புதுசாய்.
எஃப்.சி. என்ற எழுத்துக்கு எதிரே மட்டும்
வெறும் பச்சை.
தேதி? என்றேன்.
ஆபீஸர் பாத்துட்டு வரட்டும், என்றார் அமீர்ஜான்,
கையைத் துணியில் துடைத்துக்கொண்டு.
நானாப் போட்டா நல்லாருக்காது.