வெறும் வயிறு

ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
சமாதானபுரம் முக்கில் நாலு பேர் நிற்பார்கள்.
நடந்து வந்தவர்கள்,
தெருமுனையில் ஆட்டோவை விட்டிறங்கி
நடந்ததுபோல் வருகிறவர்கள்.
எல்லாரிடமும் எனக்கு ஒரே கேள்வி:
வெறும் வயிறா?

"பச்சைத் தண்ணி பல்லுல படலை"
என்பார் பிரம்மநாயகம்.
மீசை ஓரத்தில் காபி நுரை காய்ந்திருக்கும்.
பார்க்காததுபோல் ரப்பரைக் கட்டுவேன்.
ஒரு வாரமாய்ச் சீனி இல்லையாம்,
ராத்திரிக்கு ரெண்டே சப்பாத்தியாம்,
வ.உ.சி. மைதானத்தில் நாலு சுற்றாம்.
ஊசி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு வாரம் சரி, அண்ணாச்சி.
ரத்தம் மூணு மாசத்துப் பற்றுவரவு நோட்டு.
மாசியில் மச்சினன் வீட்டுச் சடங்கில்
இலையில் ரெண்டாந்தரம் விழுந்த பாயசம்
ஏதோ ஒரு சிவப்பணுவின் முதுகில்
இன்னும் பிசுக்காய் ஒட்டியிருக்கிறது.
அந்த அணு சாகிறவரை
அது கழுவிப்போகாது.

எட்டு புள்ளி ஒன்பது.
"மிஷினு பழசோ?" என்றார்.

பீர்மைதீனுக்கு முப்பத்தி நாலு வயசு.
பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டா மாஸ்டர்.
சுழற்றி எடுத்த குழாயில்
சீரம் பாலாய்க் கிடந்தது, மேலே ஆடை வேறு.
கடை அடைத்து ஒரு மணிக்குமேல்
மிஞ்சினதைத்தான் தின்பானாம்.
"தின்னது கம்மிதாம்க்கா,
மோந்ததுதான் ஜாஸ்தி."
அவனே சிரித்தான். நானும்.

முக்கூடலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்
சங்கரவடிவு.
விரல் நுனியெல்லாம் புகையிலை வாடை.
வெறும் வயிறா? என்றேன்.
"எப்பந்தொட்டு எண்ணணும்க்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை,
கணக்குத் தப்பக்கூடாதே என்று கேட்டாள்.
நேற்று ராத்திரி சோறு வடித்த கஞ்சி.
மத்தியானம் ரெண்டு டீ, ஒரு வர்க்கி.
அதற்கு முன்னால்...
போதும் என்றேன்.

ரத்தம் சாயம்போன துணியலசிய தண்ணீர்போல் ஏறியது.
ஆறு புள்ளி நாலு.
டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை
எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
முட்டை, ஈரல், முருங்கைக்கீரை, பேரீச்சை,
சாப்பாட்டோடு டீ கூடாது.

"முட்டை வாங்குதோம்க்கா, நாலு."
விரல் விட்டாள்.
மாமனார், அவுக, பிள்ளைக ரெண்டு.
நாலு விரல் நின்றது.
கட்டைவிரல் உள்ளங்கைக்குள்
மடங்கியே கிடந்தது.

"டீயும் கூடாதுன்னா
பசிக்கத் தொடங்கிருமே,
பொறவு ஆயிரம் பீடி எப்படிச் சுத்த?"
இதற்குப் பரிசோதனை எதுவும்
எங்களிடம் இல்லை.

மத்தியானம் கூட்டம் வடிந்தது.
ஞாயிற்றுக்கிழமை அண்ணன் செருப்பு மாட்டுவதைப்
பார்த்தபடி நின்றிருந்தேன்.
வலது காலில் இப்போது மூணு விரல்.
அந்த நினைப்பில்தானோ என்னவோ
பல்லால் ரப்பரை இழுத்து
என் இடது கையில் நானே குத்திக்கொண்டேன்.
லேபிளில் எழுதினேன்:
புஷ்பலீலா, பெண், 42.

இந்தச் சோதனைக்கு
வயிறு வெறுமையாய் இருக்கத் தேவையில்லை,
யாரும் கேட்கவுமில்லை.
ஆனாலும் சொன்னேன்,
பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்று.
மேசை டிராயரில் வர்க்கிப் பாக்கெட்
வாயைத் திறந்து கிடந்தது.

ஆறு புள்ளி மூணு.
பாளையங்காலில் தண்ணீர்
கரையைத் தொட்டு நிற்கிற மாதிரி.
நோய் என்று சொல்ல முடியாது.
இல்லை என்றும் சொல்ல முடியாது.
மிஷின் பழசுதான்.

வாங்க வராதவர்களின் தட்டில்
அடியில் செருகி வைத்தேன்.
கம்ப்யூட்டருக்கு அது புரியவில்லை.
தினமும் ராத்திரி ஒன்பதுக்கு
என் போன் ஒருதரம் முனகும்:
புஷ்பலீலா அவர்களே,
உங்கள் ரிப்போர்ட் தயார்.

நேற்று முனகினபோது
பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன்.
கல்லில் எண்ணெய் சுற்றி ஊற்றிக்கொண்டே
பீர்மைதீன் நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்கக்கா.
பார்சலா, உக்காருதியளா?"