காலி எடை

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
எடை மேடையில் எனக்கு வேலை.
தேங்காய், செங்கல், கோழித்தீவனம்,
எது வந்தாலும்
கண்ணால் பார்த்தே எடை சொல்பவனை நம்பமாட்டேன்.

டாரஸ் மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை.
பேர்தான் டாரஸ். பத்துச் சக்கரமெல்லாம் இல்லை,
நொண்டுவதையும் சேர்த்து நாலு கால்.
முடி அடர்த்தி. வைக்கோல் லோடு மாதிரி
பார்க்கத்தான் பெரிசு.

பொள்ளாச்சியில் கைராசிக்காரர் என்றார்கள்.
ஏசி அறை. சுவரெல்லாம் வெளிநாட்டு நாய்கள்.
மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே
"ஒரு இருபது கிலோ இருக்குமா?" என்று
என்னிடம் கேட்டுவிட்டு
பதிலுக்கு முன்னால் எழுதியும் முடித்தார்.

மறுநாள் கோழிவண்டி சிபு
கொழிஞ்சாம்பாறைக்கு ஏற்றிப்போனான்.
ரேஷன் கடை அளவுக்கு ஓர் இடம்.
எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு வாத்து.
பிரசீதா டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு
டாரஸைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார்.
குறித்துக்கொண்டார்.
அவனை என் கையில் தந்து
தனியாக இன்னொரு தரம் ஏறினார்.

லோடு எடை.
காலி எடை.
கழித்தால் சரக்கு:
பதினொன்றே முக்கால்.

என்ன நோய் என்று கேட்டேன்.
"அறியில்லா. ரத்தம் நோக்கியிட்டு பறயாம்."
தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
அன்றுதான் கேட்கிறேன்.
சிபு முகம் சுளித்தான்.
நான் அடுத்த தேதியையும் வாங்கிக்கொண்டேன்.

இருபது கிலோவுக்கு எழுதிய மாத்திரை
பிரிக்காமல் பையில் கிடக்கிறது.

திரும்பும்போது சாவடியில் நிறுத்தி
வண்டியில் என்ன என்றார்கள்.
மடியில் அவன் மூச்சு சூடாக இருந்தது.
பதினொன்றே முக்கால் கிலோ என்றேன்.